சாவி யாரிடம் இருக்கிறது?

2024 ஜூன் மாதம் என் மாணவி ஒருத்தி ஒரு படிவத்தை என்முன் நீட்டினாள். கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் மாடியில் நடக்கும் பெண்கள் விடுதியின் சேர்க்கைப் படிவம் அது. அவள் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. நத்தத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர். அம்மா மாந்தோப்புகளில் கூலி வேலை. கல்லூரி விடுதியில் இடமில்லை, ஊரிலிருந்து தினமும் வந்துபோனால் நாளில் நான்கு மணி நேரம் பேருந்திலேயே போய்விடுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் வரும் ஆயிரம் ரூபாயோடு அம்மா அனுப்புவதையும் சேர்த்து மாத வாடகையைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். “உள்ளூர்ப் பாதுகாவலர்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணுமாம். எனக்கு இந்த ஊர்ல உங்களைத் தவிர யாரையும் தெரியாதும்மா” என்றாள்.

நான் கையெழுத்துப் போட்டேன். பெருமையாகவே போட்டேன். படிவத்தைப் படிக்கவில்லை.

ஆகஸ்டில் ஓர் இரவு. போட்டித் தேர்வுக்காகப் படிப்பகத்துக்குப் போனவள் திரும்பும்போது மணி எட்டு இருபது. விடுதிக் கதவு எட்டு மணிக்குப் பூட்டப்படும். மாடிப்படியின் அடியில் இருக்கும் மடக்குக் கம்பிக்கதவில் பூட்டுத் தொங்கியது. பாதுகாவலர் போன் செய்து சொன்னால்தான் திறக்க முடியும் என்றார் விடுதியை நடத்தும் அக்கா. நானோ வத்தலக்குண்டில் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தேன், போன் கைப்பைக்குள் கிடந்தது. நாற்பது நிமிடம் அவள் தெருவிளக்கின் கீழ் நின்றாள். ஒரு பைக்கில் இரண்டு பேர் மூன்று முறை சுற்றி வந்தார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்து வந்து அவள் சொன்னது ஒரே வாக்கியம். “பாதுகாப்புக்குத்தான் பூட்டுறாங்கன்னு சொல்றாங்க, ஆனா நான் பூட்டுக்கு வெளியில இல்லம்மா நின்னேன்.”

அன்றைக்குத்தான் படிவத்தின் நகலை வாங்கிப் படித்தேன். அவள் வெளியே போகவும் வரவும் ‘அனுமதி’ அளிக்கும் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன். பத்தொன்பது வயதுப் பெண் அவள். அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டவள். நாட்டை யார் ஆளலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு உண்டு, எட்டு இருபதுக்குத் தன் படுக்கைக்குப் போகும் உரிமை இல்லை. அந்த இரண்டாவது உரிமையை அவளிடமிருந்து எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டவள் நான். ஆண்டுக்கு இரண்டு தாள் பெண்ணியம் நடத்துகிறவள்.

*

அந்த ஆண்டின் கடைசியில் அதே அக்கா என் வீட்டுக்கு வந்தார், கையில் ஓர் அறிவிப்புக் கடிதம். விடுதிக்கு உரிமம் வாங்க வேண்டும், விண்ணப்பம் எழுத உதவ வேண்டும் என்றார். கணவர் இறந்த பிறகு மாடியின் நான்கு அறைகளில் பதினான்கு பெண்களை வைத்துச் சமைத்துப்போட்டுத் தன் இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைக்கிறவர் அவர். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, வட்டாட்சியரின் கட்டட உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, கண்காணிப்புக் கேமரா, பெண் காப்பாளர், பதிவேடுகள். “நாலு ரூமுக்கு இம்புட்டுப் பேப்பரா டீச்சர்?” என்றார்.

என் முதல் எண்ணம் அவர் பக்கம்தான் இருந்தது. நூறு அறை வைத்துக் கட்டியவர்கள் ஆள் வைத்துச் சான்றிதழ் வாங்கிவிடுவார்கள், மாட்டுவது இந்த அக்காதான் என்று நினைத்தேன். பிறகு அவரோடு போய் மாடியைப் பார்த்தேன். ஏறி இறங்க ஒரே படி. படிக்கு அடியில் இரண்டு சமையல் எரிவாயு உருளைகள். உருளைகளுக்கு எதிரே அந்தக் கம்பிக்கதவு, அதில் பூட்டு. சாவி அக்காவின் இடுப்பில். மேலே சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி.

மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தீப்பிடித்து அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2024 செப்டம்பர் 12 அதிகாலை, குளிர்சாதனப் பெட்டி வெடித்துப் பரவிய தீயிலும் புகையிலும் இரண்டு பெண்கள் இறந்தார்கள். இருவரும் ஆசிரியைகள். இங்கிருந்து மதுரை ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். எங்கள் கல்லூரியிலும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். நின்றுவிட்டு அவரவர் விடுதிகளுக்குப் போனோம்.

உரிமம் வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு அந்தப் படியடியில் இல்லாமல் போயிற்று. கேள்வி வேறாக மாறியது. உரிமம் எதற்குக் கேட்க வேண்டும், எதற்குக் கேட்கக் கூடாது?

*

நம் மாநிலத்தில் இத்தகைய கட்டுப்பாடுகள் பெரும்பாலும் சாம்பலிலிருந்து எழுந்தவை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் காப்பகம் ஒன்றில் 28 பேர் எரிந்து இறந்தார்கள். அவர்களைப் பாதுகாப்பதற்காகவே சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள், அதனால் ஓட முடியவில்லை. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். ஒவ்வொரு முறையும் முதலில் மரணம், பிறகு விசாரணை, பிறகு விதிமுறை.

விடுதிகளுக்கான சட்டமும் அப்படி வந்ததுதான். 2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் தங்கிப் படித்த சிறுமிகள் இருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதன்பின் அந்த ஆண்டே தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. மறுஆண்டு விதிகள் வந்தன. உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர், உரிமம் இல்லாமல் நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். அரசு செய்ய வேண்டியதைத்தான் செய்தது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சட்டத்தின் பெயரை மட்டும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

‘பெண்கள் மற்றும் குழந்தைகள்.’ இலக்கணம் நடத்துகிறவளுக்கு இந்த ‘மற்றும்’ உறுத்துகிறது. ஓர் இணைப்புச் சொல் இரண்டு பெயர்களை ஒரே வரிசையில் நிறுத்தும்போது இரண்டுக்கும் பொதுவான ஒரு குணத்தை ஏற்றிவிடுகிறது. ஆறு வயதுக் குழந்தைக்கும் முப்பத்தாறு வயது ஆசிரியைக்கும் பொதுவான குணம் என்ன? இருவரையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். குழந்தைக்கு அது உண்மை. எனக்கும் உங்களுக்கும் அது ஒரு பழைய பொய்.

இன்னொன்றும் உண்டு. கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகும் ஆண்களும் தங்கும் மேன்ஷன்களும் அறைகளும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. மின்கசிவு ஆண் பெண் பார்ப்பதில்லை, ஒற்றைப் படிக்கட்டில் ஏறும் புகையும் பார்ப்பதில்லை. தீயை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் என்றால் இருவரையும் சேர்த்திருக்கும். பெண்ணை மனத்தில் வைத்து எழுதியதால், ஆணுடைய நுரையீரலையும் மறந்துவிட்டது, பெண்ணுடைய விருப்பத்தையும் மறந்துவிட்டது.

இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி, ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரு வீட்டைப் பகிர்ந்து வாடகைக்கு இருந்தால் உள்ளாட்சி உரிமம் வேண்டும். பல்கலைக்கழக நகரங்களில் மாணவர்கள் தங்கும் வீடுகள் பலவும் அதில் அடங்கும். அறையின் அளவு, மின் இணைப்பு, புகை எச்சரிக்கைக் கருவி என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். தங்குபவர் ஆணா பெண்ணா, இரவு எத்தனை மணிக்கு வந்தார் என்பது உரிமத்தின் விஷயமே இல்லை. அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கட்டடத்தைக் கண்காணிக்கும் உரிமம் வேறு, குடியிருப்பவளைக் கண்காணிக்கும் உரிமம் வேறு. இரண்டையும் பிரிக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

*

பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத் திண்டுக்கல் சமவெளியில் இருக்கும் நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைச் சுவர்களைப் பேருந்திலிருந்து பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்று ஆண்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி, கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களைக் கூட்டிவந்தார்கள். ஆலைக்குள்ளேயே விடுதி. வெளியே போக அனுமதி இல்லை, போனில் பேசக் கட்டுப்பாடு, பார்க்க வருபவர்களுக்கு வரம்பு. பெற்றோரிடம் சொல்லப்பட்ட சொல் மட்டும் ஒன்றே: பாதுகாப்பு. பெற்றோரும் நம்பினார்கள், ஏனென்றால் அவர்களும் வீட்டில் அந்தச் சொல்லையே பயன்படுத்தினார்கள்.

கதவு நன்றாகப் பூட்டியிருந்தது. ஆபத்து உள்ளே இருந்தது. மேற்பார்வையாளனுக்குச் சாவி தேவைப்படவில்லை.

2021 ஜனவரியில், இந்த மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். அதன்பின் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் தொடர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் எச் அண்ட் எம் முதலிய வாங்குவோரும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் வந்தது. உலகெங்கும் அதற்குத் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே பெயர். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. கூடுதல் கேமராவையோ உயரமான சுவரையோ அது நம்பவில்லை. தொழிலாளிப் பெண்களையே பயிற்றுவித்து, தளத்தில் நடக்கும் பாலியல் தொல்லைகளைக் கவனிக்கவும் புகாராக எழுப்பவும் அவர்களுக்கு இடம் கொடுத்தது. பழிவாங்கப்படாமல் பேசலாம் என்ற உறுதியையும் கொடுத்தது. ஆபத்தில் இருப்பவளைப் பாதுகாப்பின் பொருளாகப் பார்க்காமல், பாதுகாப்பைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுதியுள்ளவளாகப் பார்த்தது.

2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் நடந்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். ஒரு பெண்கள் விடுதியில் குளியலறை உட்படப் பல இடங்களில் ரகசியக் கேமராக்களை வைத்திருந்தார் அதை நடத்தியவரே. அதைக் கண்டுபிடித்தது எந்த ஆய்வாளரும் இல்லை. அங்கே தங்கியிருந்த பெண்கள் சந்தேகப்பட்டு, தங்கள் போன் செயலியைக் கொண்டு தேடிக் கண்டுபிடித்தார்கள்.

விடுதியில் எங்கே ஆபத்து இருக்கிறது என்று அங்கே தூங்குகிறவளுக்குத் தெரியும். எந்தச் சுவிட்சில் பொறி பறக்கிறது, எந்தத் தாழ்ப்பாள் விழுவதில்லை, தண்ணீர் லாரி வரும்போது யார் மாடிக்கு ஏறி வருகிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். உரிமம் கொடுக்க வருகிறவர்கள் உரிமையாளரைக் கேட்கிறார்கள், பதிவேட்டைப் பார்க்கிறார்கள், சமையலறையைப் பார்க்கிறார்கள். அவளை உட்காரவைத்து, அவள் மட்டும் இருக்கும்போது, “உனக்கு இங்கே என்ன பயம்?” என்று கேட்டதாக என் மாணவிகளில் ஒருத்தியும் சொல்லி நான் கேட்டதில்லை.

*

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. “பூட்டாட்டிப் பெத்தவங்க அனுப்ப மாட்டாங்களே டீச்சர். பிள்ளைகளைப் படிக்க விடுறதே நான் பூட்டுறேங்கிற நம்பிக்கையிலதான். உங்க பேச்சைக் கேட்டு நான் திறந்துவச்சா, அடுத்த மாசம் பாதிப் பிள்ளைக கழுத்துல தாலி இருக்கும்.”

இதற்கு எளிதாகப் பதில் சொல்கிறவர்கள் நம் கிராமங்களை அறியாதவர்கள். பூட்டு என்பது பெண் படிப்பதற்கு நம் சமூகம் கேட்கும் வாடகை. அந்த வாடகையைக் கட்டித்தான் என் அம்மா தலைமுறையில் சிலர் பள்ளிக்குப் போனார்கள், நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினேன். முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டைக் கல்லூரியில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். திரை அவமானம்தான், ஆனால் திரையே வேண்டாம் என்றிருந்தால் அன்று அவருக்கு வகுப்பும் இல்லை. அதே முத்துலட்சுமிதான் பின்னாளில், 1930இல், தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் சிலர் அடைக்கலம் தேடி வந்தபோது, அவர்களைச் சேர்க்க விடுதிகள் மறுத்ததால், தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. எவளுக்கு அறை கிடைக்கும், எவளுக்குக் கிடைக்காது என்பது இந்த மண்ணில் எப்போதும் ஒழுக்கத்தின் பேரில் கேட்கப்பட்ட சாதிக் கேள்வியாகவும் இருந்தது. இன்றும் “நீங்க எந்த ஆளுக?” என்று கேட்டுவிட்டு ‘ரூம் ஃபுல்’ என்று சொல்லும் வீடுகள் நம் ஊரில் உண்டு.

ஆகவே, பூட்டை ஏற்றுக்கொண்ட முன்னோர்களை நான் பழிக்க மாட்டேன். ஆனால் வாடகையாகக் கொடுத்ததை ஒருநாள் அறம் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். அங்கேதான் என் படிவமும் கையெழுத்தும் வருகின்றன. பெற்றோரின் பயத்தைப் புரிந்துகொள்வது வேறு, அந்தப் பயத்தை அரசின் விதியாகவும் ஆசிரியையின் கையெழுத்தாகவும் மாற்றுவது வேறு. பெண் மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத விதிகளை விடுதியில் அவர்கள்மேல் சுமத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. கேரளத்தில் மருத்துவக் கல்லூரி மாணவிகள் 2022இல் இரவு ஒன்பதரை மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து உயர்நீதிமன்றம் போனார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்ட வேண்டும் என்று அங்கே கேள்வி எழுந்தது. சென்னை உயர்நீதிமன்றமோ 2024 மார்ச்சில், வேறொரு வழக்கில், பெண்கள் விடுதி அறை என்பது வசிப்பிடம்தான், வணிக இடம் அல்ல, அதனால் வாடகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்றது.

வரிக்காகச் சொன்ன தீர்ப்புதான். ஆனால் அதன் பொருள் வரியோடு நிற்காது. அது வசிப்பிடம் என்றால் அங்கே வசிப்பவள் யார்? தன் வீட்டுக்குள் போக அனுமதிக் கடிதம் கேட்கப்படும் ஒருத்தியை நாம் என்ன பெயரால் அழைப்போம்?

*

கடைசியில் தீர்வு சொன்னது நீதிமன்றமும் இல்லை, நானும் இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒரு சாதாரண விதி இருக்கிறது: வெளியேறும் வழியிலுள்ள கதவு, உள்ளே இருப்பவர் சாவி இல்லாமலே திறக்கும்படி இருக்க வேண்டும். அதைத்தான் அக்காவிடம் படித்துக் காட்டினேன். பூட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது, 2019இல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறோம். வெளியாள் உள்ளே வர முடியாத, உள்ளே இருப்பவள் எப்போதும் வெளியே வரக்கூடிய ஒரு கதவைச் செய்ய இந்த ஊரில் ஆள் இல்லையா?

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ராத்திரி எனக்கே மூச்சடைச்சா நானும் அந்தச் சாவியைத்தான் தேடணும்” என்றார். அவரும் அதே கம்பிக்கதவுக்குள்தான் தூங்குகிறார் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

கதவு மாறியது. எரிவாயு உருளைகள் பின்கட்டுக்குப் போயின. பின்பக்கம் இரும்புப் படி ஒன்று வைத்தார்கள். கதவு நேரம் ஒன்பதரை ஆனது. பெண்களே இருவரைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒருமுறை அக்காவோடு உட்கார்ந்து பேசுகிறார்கள், முதல் கூட்டத்தில் குளியலறைத் தாழ்ப்பாள் பற்றியே பேசினார்களாம். என் படிவத்தில் ‘அனுமதி’ என்ற சொல்லை அடித்து ‘தகவல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாமதமானால் அவள் சொல்வாள். நான் தெரிந்துகொள்வேன், அவ்வளவே.

இதோடு முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் இரும்புப் படிக்கும் சான்றிதழ்களுக்கும் ஆன செலவுக்காக அக்கா மாதம் எழுநூறு ரூபாய் ஏற்றினார். அவரால் ஏற்றாமல் இருக்க முடியாது. பதினான்கு பேரில் ஒருத்தி அடுத்த மாதம் காலி செய்தாள். என் மாணவி அல்ல, வேறு கல்லூரிப் பெண். இப்போது ஊரிலிருந்தே வந்துபோகிறாள் என்றார்கள். சில வாரம் கழித்துக் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை.

பதின்மூன்று பேர் எரியாமல் தூங்க, பதினான்காவது பெண் விலை கொடுத்திருக்கிறாள். அவளிடம் நான் எதைச் சொல்வேன்? உரிமம் கேட்கும் அரசு, உரிமத்தின் செலவை ஒரு கைம்பெண்ணிடமும் அவள் வழியாக ஒரு கூலித் தொழிலாளியின் மகளிடமும் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்வதை அறம் என்று என்னால் சொல்ல முடியாது. கேட்கிற அரசுதான் இரும்புப் படிக்குக் கடனுதவியும் தர வேண்டும், கல்லூரிதோறும் போதிய விடுதிகளைக் கட்டவும் வேண்டும். அதுவரை ‘பாதுகாப்பான விடுதி’ என்பது காசுள்ள பெண்ணுக்குக் கிடைக்கும் பொருளாகவே இருக்கும்.

என் மாணவி இப்போது மூன்றாம் ஆண்டு. இந்தக் கட்டுரையை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “காலி பண்ணிட்டுப் போனவ பேரு உங்களுக்குத் தெரியுமாம்மா?” என்று கேட்டாள்.

தெரியாது. நான் கேட்கவே இல்லை.